தேடப்படும் டாக்டர், பூட்டிய அலமாரி

மியான்மரின் யாங்கோன் நகரில், பான்சோடான் துறையில் நின்றால் அக்கரையில் டாலா தெரியும். படகில் ஏறினால் பத்து நிமிடம். இக்கரையில் பெரிய ஆஸ்பத்திரி, மருத்துவப் பல்கலைக்கழகம், மருத்துவ ஆராய்ச்சித் துறை, அதற்கொரு நூலகம். அக்கரையில் கோடை வந்தால் குளத்துத் தண்ணீருக்குக் குடமும் வரிசையும். வெள்ளைக்காரன் காலத்தில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி அங்கே கப்பல் பட்டறை வைத்திருந்தது. கூலிக்கு இந்தியாவிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். பட்டறைக்கு ஆள் கொண்டுபோகக் கடல்கூடத் தடையாக இல்லை. நோயாளியை இக்கரைக்குக் கொண்டுவர மட்டும் ஆறு தடையாக இருக்கிறது.

பாலம் போடுகிறார்கள். கொரியக் கடன். 2018 டிசம்பரில் அடிக்கல். 2022-ல் முடியும் என்றார்கள். 2022 தவறாமல் வந்தது. பாலம் வரவில்லை.

போகட்டும், பாலத்துக்கு இரும்பு வேண்டும், சிமென்ட் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஆற்றைக் கடக்கும் சரக்கு ஒன்று உண்டு: மருத்துவத் தகவல். நள்ளிரவில் டாலாவில் ஒரு கர்ப்பிணிக்கு வலிப்பு என்று வையுங்கள். பணியில் இருப்பவர் இளம் டாக்டர். மெக்னீசியம் சல்பேட் எவ்வளவு, எந்த வேகத்தில், மூச்சு தளர்ந்தால் முறிமருந்து எது? பதில் உலகத்தில் இருக்கிறது. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மருத்துவமனை நூலகத்தின் வேலை. அட்டை போட்ட புத்தகத்துக்குத் தூசி தட்டுவது அல்ல.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1971-லேயே கெர்ட்ரூட் லாம்ப் என்ற அம்மையார் நூலகர்களை டாக்டர்களோடு வார்டுக்கு அனுப்பினார். கட்டில் அருகே கேள்வி எழும். நூலகர் தேடிப் பதில் கொடுப்பார். ராசெஸ்டர் பகுதியில் 15 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 1992-ல் வெளியானது. நூலகம் தேடிக் கொடுத்த தகவலால் நோயாளியைக் கவனித்த விதத்தில் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டதாகப் பதில் சொன்ன டாக்டர்களில் 80 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதை இன்னொரு முறை படியுங்கள்.

தேடத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? 2001-ல் புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலேயே ஆனது. ஆஸ்துமா ஆய்வுக்காக ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை முகர்ந்த 24 வயதுப் பெண் செத்துப்போனார். ஆய்வாளர் கணினியில் தேடியது 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளை. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை 1950-களின் பழைய கட்டுரைகளில் கிடந்தது. ஹாப்கின்ஸுக்கே இந்தக் கதி. டாலா எம்மாத்திரம்?

டாலாவுக்கு ஓர் அதிர்ஷ்டமும் அடித்திருந்தது. 2002 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ‘ஹினாரி’ திட்டத்தைத் தொடங்கியது. ஆறு பெரிய பதிப்பகங்கள் மனம் இளகின. ஏழை நாட்டு மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மருத்துவ இதழ்கள் இலவசம். மியான்மருக்கு உண்டு. இந்தியாவுக்கு இல்லை. நம் தாலுகா ஆஸ்பத்திரியைப் பார்க்காமல், நாட்டின் மொத்த வருமானத்தைப் பார்த்து நம்மைப் பணக்காரர் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஏழை என்ற பெயர் வாங்கக்கூட நமக்குத் தகுதி போதவில்லை.

பதிப்பகங்களின் இளகிய மனத்தையும் அதிகம் நம்பவேண்டாம். 2011-ல் வங்கதேசத்தில் கொஞ்சம் சந்தா விற்கும் என்று தெரிந்ததும் சில பதிப்பகங்கள் இலவசத்தைப் பிடுங்கிக்கொண்டன. உலகம் காறித் துப்பியது. திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆக, மியான்மர் டாக்டருக்குக் கோடிக்கணக்கில் விலை பெறும் நூலகம் சும்மா கிடைத்தது. அரசாங்கம் செய்யவேண்டியது என்ன? மின்சாரம், இணையம், நூலகர், கடைசியாக, படிப்பதற்கு ஒரு டாக்டர். இந்த நான்கையும் ஓர் அரசு எப்படி ஒழிக்கும் என்பதற்குப் பாடப்புத்தகம் வேண்டுமானால் மியான்மரைப் படிக்கலாம்.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் அரசு மருத்துவமனை ஊழியர்கள். சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வந்தார்கள். அரசை எதிர்ப்பவரைச் சிறையில் தள்ளும் தண்டனைச் சட்டப் பிரிவு 505-ஏ பாய்ந்தது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் அச்சாகவேண்டிய டாக்டர் பெயர்கள், அரசுப் பத்திரிகையில் தேடப்படுவோர் பட்டியலில் அச்சாகின. அந்த அரசு தன் டாக்டர்களைப் பிரசுரித்த விதம் அது.

அந்தப் பிப்ரவரியின் நடுவிலிருந்து தினமும் இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையத்தைத் துண்டித்தார்கள். நைட் டியூட்டி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்புறம் கைப்பேசி இணையமும் போனது. 2024-ல், தடைசெய்த தளங்களைத் திறக்க உதவும் வி.பி.என். முடக்கம், தெருவில் நிறுத்தி ஃபோனைச் சோதித்தார்கள். 2025 ஜனவரி 1-ல் சைபர் சட்டமே வந்துவிட்டது. அனுமதியில்லாமல் வி.பி.என். சேவை நடத்தினால் சிறை. மின்சாரமோ யாங்கோனுக்கே தவணை முறையில்தான் வருகிறது. அக்கரையைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

ஒத்துழையாமையில் இறங்கிய டாக்டர்கள் தனியார் மருத்துவமனைகளில் நோயாளியைப் பார்க்கப் போனார்கள். அதுவும் குற்றம். அவர்களை வேலைக்கு வைத்ததற்காக மாண்டலேயில் ஏழு தனியார் மருத்துவமனைகளின் உரிமத்தை நிறுத்தினார்கள். எப்போது? 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குச் சில வாரங்களுக்கு முன். நிலநடுக்கம் முன்னறிவிப்பு தராது. அரசாங்கம் தந்தது.

பணமில்லையா? 2000-ல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் சுகாதார அமைப்பை வரிசைப்படுத்தியபோது மியான்மருக்கு 190-ஆம் இடம். அதற்கு அடுத்த ஐந்தாண்டில் ஒரு புதுத் தலைநகரத்துக்கே குடிபோக முடிந்தது. 2011 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு 23.6 சதவீதம். சுகாதாரத்துக்கு 1.3. துப்பாக்கிக்குக் குண்டு தட்டுப்பாடு என்று அங்கே யாரும் மனு கொடுத்ததில்லை.

சரி, ராணுவம் அப்படித்தான் என்று நம்மவர் பெருமூச்சு விடுவார். இருங்கள், வீட்டுக்கு வருவோம்.

இங்கே ஜனநாயகம். 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரிக்கு உண்டு, மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு உண்டு. நல்லது, கைதட்டலாம். ஆனால் திட்டத்தின் பெயரிலுள்ள ‘ஒரே நாடு’ கல்லூரிச் சுவரோடு முடிகிறது. கல்லூரியோடு சேராத தாலுகா ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் வேறு நாடு போலிருக்கிறது. அங்கே டாக்டருக்குப் புது மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர் யார்? டை கட்டிய மெடிக்கல் ரெப். அவர்தான் நம் நடமாடும் நூலகம். பேனா இலவசம். பாடம் கம்பெனியுடையது.

கல்லூரிகளில் நூலகம் உண்டா? உண்டு. விதி இருக்கிறதே. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் அலமாரிக்கு எண்ணெய், புத்தகத்துக்குத் துணி, வாசலுக்குக் கோலம். இன்ஸ்பெக்‌ஷனின் லட்சணம் தெரியவேண்டுமா? மருத்துவக் கல்லூரி ஆய்வுத் தகவலைக் காசுக்கு விற்ற வழக்கில் 2025-ல் சி.பி.ஐ. பதிவுசெய்த முதல் தகவல் அறிக்கையில் 34 பெயர்கள். சுகாதார அமைச்சக அதிகாரிகளும் அதில் அடக்கம். நோயாளிக்கு வேண்டிய தகவல் டாக்டருக்குப் போய்ச் சேராது. கல்லூரி முதலாளிக்கு வேண்டிய தகவல் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேரும். தகவல் சேவை நம்மிடம் இல்லை என்று யார் சொன்னது?

பயிற்சியும் நடக்கிறது. பேனர், குத்துவிளக்கு, ஒரு பை, ஒரு ஃபைல், மதியம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். தேடுவது எப்படி என்று கணினியில் காட்டவேண்டிய நேரத்தைச் சிறப்பு விருந்தினர் தின்றுவிடுவார். நூலகர் கடைசி வரிசையில் வருகைப் பதிவேட்டோடு நிற்பார். புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து அலமாரியைப் பூட்டி வைத்திருப்பவரும் அவர்தான். படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்பார்கள். யாருமே தொடாத புத்தகத்துக்குத் தணிக்கையில் முழு மதிப்பெண். அவர் வேறு என்ன செய்வார்?

அடுத்த முறை பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், வரிசையில் நிற்கும் மூன்று மணி நேரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். நூலகம் எங்கே என்று கேளுங்கள். பூட்டியிருந்தால், நூலகர் பணியிடம் எத்தனை ஆண்டாகக் காலி, டாக்டர்களும் நர்சுகளும் கடந்த மாதம் எத்தனை முறை தேடினார்கள், சாவி யாரிடம் என்று எழுதிக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். டாலாவில் இதே கேள்வியைக் கேட்பவருக்கு 505-ஏ இருக்கிறது. நம்மைத் தடுக்க அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் நாம் கேட்பதில்லை.