நாகூர் சாலையில் பகலும் இரவும்

கேள்வி: இருபது பேர் குழுவாகப் பினாங்கு செல்கிறோம். யூதர் வரலாறும் வேண்டும், இரவுக் கேளிக்கையும் வேண்டும். ஒரே நாளில் இயலுமா? (ஈப்போ)

பதில்: இயலும், இரண்டுக்கும் நாகூர் சாலை ஒன்றே போதும். தமிழ்நாட்டு நாகூரின் பெயரைத் தாங்கிய அச்சாலையின் 28ஆம் எண் வீட்டில், பாக்தாத் வழிவந்த யூதர்கள் 1929-இல் தொழுகைக்கூடம் திறந்தனர். அவர்களின் கூட்டு வழிபாட்டுக்கு மின்யான், அதாவது பருவமெய்திய ஆண்கள் பத்துப் பேர் கொண்ட குழு, இன்றியமையாதது என்பதால், அந்தப் பத்துக்கு ஆள் சேராமற்போய் 1976-இல் கூடம் மூடப்பட்டது. இன்று அச்சாலையில் உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்திருக்க, சபாத் எனும் யூத ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலையில்தான் அங்கே கூட்டம் சேரத் தொடங்குகிறது. இருபது பேர் என்றால் மேசையை முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

கேள்வி: எப்படிப் போவது? (பத்து காஜா)

பதில்: ஈப்போவில் மின்ரயில், பட்டர்வொர்த்தில் ஃபெரி. பேருந்து பிடித்துப் பாலத்து நெரிசலில் பாட்டுப்போட்டி நடத்துவது வரலாற்றுப் பயணமாகாது.

கேள்வி: யூத உணவு கிடைக்குமா? (தைப்பிங்)

பதில்: கோஷர், அதாவது யூத சமய விதிக்குட்பட்ட உணவு, தேடுவோர் பட்டினி கிடப்பர், நாசி கண்டார் தேடுவோர் எழ முடியாமல் கிடப்பர்.

கேள்வி: பினாங்கு யூதர் கல்லறைத் தோட்டத்தில் என்ன இருக்கிறது? (கோலகங்சார்)

பதில்: முன்பு ஜாலான் யஹூடி என்றும் இன்று ஜாலான் ஜைனல் அபிடின் என்றும் வழங்கும் சாலையில், 1805-இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் அத்தோட்டத்தில், ஏறத்தாழ நூறு கல்லறைகள் உள்ளன, அவற்றுள் மிகப் பழையது 1835-இல் மறைந்த ஷோஷான் லெவி அம்மையாருடையது. பல கல்லறைகள் முக்கோணக் கூரை வடிவின. ஹீப்ரு எழுத்துகள் பொறிக்கப்பட்டவை. பண்டைய எருசலேம் ஆலயப் பூசாரிகளின் வழியினராகிய கோஹென் குலத்தாருக்குத் தனி மூலை உண்டு. பிரித்தானிய இந்தியப் படையின் ஜாட் ரெஜிமெண்டில் பணியாற்றி, 1941 அக்டோபரில் விபத்தில் இறந்த எலியாஹோ கோஹென் அங்கேதான் துயில்கிறார். ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலின் நிர்வாகியாக இருந்த டேவிட் மோர்டெக்காய் 2011-இல் மறைந்தபோது, அவரும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: மறைந்த இனத்தின் கல்லறையைத் தோட்டத் தமிழர் ஏன் பார்க்க வேண்டும்? (சுங்கை சிப்புட்)

பதில்: இக்கேள்வி வேறெங்கிருந்து வந்திருந்தாலும் சுருக்கமாக முடிந்திருக்கும், ஆனால் சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் பிறந்த ஊர். வெள்ளையர் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பாட்டாளிகள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்ததைக் கண்டே, அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். லயங்கள் காலியான பின் எத்தனையோ தோட்டங்களின் கோயிலும் சுடுகாடும், நிலம் தம் பெயரில் இல்லாத ஒரே காரணத்தால், புதிய உரிமையாளரின் தயவில் நின்றன. பினாங்கு யூதர்களோ நூறாண்டுகளுக்கு முன்பே தம் கல்லறை நிலத்தை அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்துவிட்டமையால், பத்துப் பேர் கூடாத காலத்திலும் அந்நிலம் அவர்களுக்கே உரியதாக நிலைத்தது. ஆகவே பயணம் முடிந்து திரும்புவோர், தத்தம் தோட்டத்துச் சுடுகாட்டு நிலம் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதை நில அலுவலகத்தில் விசாரித்தறிவது மிக அவசியம்.

கேள்வி: கல்லறையில் பூ வைக்கலாமா? (பீடோர்)

பதில்: பூவைவிடச் சிறு கல் வைப்பதே யூதர் வழக்கு, ஆளுக்கொன்று போதும், கிந்தா ஆற்றிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம்.