இருபது லிட்டர் காற்று

நான்கு கம்பி பாஸ் கிட்டாரில் இருப்பதிலேயே தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் எழும் நாதம் சுமார் 41 ஹெர்ட்ஸ். என் மாருதி 800இல் இருக்கும் நாலு இஞ்சு ஸ்பீக்கர்களோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உலகம் இருப்பதையே கேள்விப்படாதவை. ஆக, இளையராஜாவிடம் நெடுங்காலம் பாஸ் கிட்டார் வாசித்த சசிதரனின் உழைப்பு என் காரில் ஏறவே இல்லை. எஸ்.பி.பி.யும் வயலின்காரர்களும் மட்டும் இடம் பிடித்து உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார்கள். சசிதரனுக்கும் ஒரு சீட் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன்.

கார் அப்பா வாங்கியது. 2003 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியோடு கம்பெனி இந்த வண்டி செய்வதையே நிறுத்திவிட்டது. பதினைந்து வருட ஆர்.சி. முடிந்து, ஐந்தைந்து வருடமாக நீட்டித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் வைக்கப்போகிறேன் என்றதும் மெக்கானிக் பானட்டை மெதுவாக மூடிவிட்டு, "வண்டிய வித்தா வர்ற காசுல பாதிய வண்டிக்குள்ளயே போடுறீங்க சார்" என்றார். கணக்கில் தவறில்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரெடிமேட் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் பெரிய டிக்கியை மனதில் வைத்துச் செய்தவை. என் காரில் வைத்தால் பெட்டி உள்ளே போகும், கதவு மூடாது. "பன்னெண்டு இஞ்சு போடுங்க சார், ரோடே அதிரும்" என்றார் கடைக்காரர். சென்னை ரோடு ஏற்கெனவே என் காரை அதிரவைத்துக்கொண்டிருக்கிறது, பழிக்குப் பழி வேண்டாம் என்று சொல்லி, பத்து இஞ்சு ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் மட்டும் வாங்கிக்கொண்டேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1,200 வாட். உள்ளே இருந்த தாளில், பொடி எழுத்தில், ஆர்.எம்.எஸ். 250 வாட். பெண் பார்க்கப் போனபோது சொன்ன சம்பளத்துக்கும் முதல் தேதி கைக்கு வரும் சம்பளத்துக்கும் உள்ள உறவுதான் இந்த இரண்டுக்கும்.

கடையில் யாரும் சொல்லாத சேதி ஒன்று உண்டு: காசு கொடுத்து வாங்குவது பாதி ஸ்பீக்கர்தான். மீதிப் பாதி காற்று. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் தள்ளியதும் இழுத்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும்; பாஸ் மிச்சமே இருக்காது. காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் உள்ளிருக்கும் காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் என்று 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் செய்தே காட்டினார். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் காற்று என்கிற கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் தொடங்கிவைக்க, அதே நாட்டில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை விரித்து எழுதினார். இருவரும் சேர்ந்து எனக்கு விதித்தது 20 லிட்டர்.

20 லிட்டர் என்றபோது வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. ஒரு தண்ணி கேன்தானே! ஆனால் அது உள்ளளவு. 18 மில்லிமீட்டர் பலகையை ஆறு பக்கமும் சேர்த்தால் வெளியளவு கிட்டத்தட்ட 30 லிட்டர் ஆகிவிடுகிறது. 30 லிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு அரிசி மூட்டை அடைக்கிற இடம். அதுவும் இப்போது வருவது 26 கிலோ மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டு வரியைத் தாண்டிக் குதித்தார்கள். அந்த ஒரு கிலோவுக்கும் எங்கள் டிக்கியில் இடம் இருந்தது.

"அரிசி மூட்டை எங்கங்க போகும்?"

"பின் சீட்ல."

"அப்ப அத்தை எங்க உக்காருவாங்க?"

தீலும் ஸ்மாலும் இதற்குச் சூத்திரம் எதுவும் விட்டுச்செல்லவில்லை. அரிசியைக் கடைப் பையன் வீட்டுக்கே கொண்டுவந்து போடுவது, அதற்கான கூலி என் கணக்கு என்று உடன்படிக்கை ஆனது.

பெட்டி செய்ய எங்கள் சமையலறை அலமாரிகளைச் செய்த ஆசாரியையே கூப்பிட்டேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷூ ராக்கா சார்?"

"இல்ல, பெட்டி."

"கதவு எந்தப் பக்கம்?"

"கதவு கிடையாது."

"தட்டு?"

"தட்டும் கிடையாது."

"அப்ப எப்படி சார் தெறக்கறது?"

"தெறக்கவே கூடாது. காத்துகூட வெளிய வரக் கூடாது."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தவர் மறுபடி செருகிக்கொண்டார். "உள்ள என்ன சார் வைக்கப்போறீங்க?"

"ஒண்ணுமில்ல. காத்துதான்."

அட்வான்ஸை அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டார். விவரமான மனிதர்.

ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். பின் சீட்டு சாய்ந்திருக்கிற கோணத்தைப் புடவைப் பெட்டி அட்டையில் வெட்டி எடுத்தார். அட்டை சீட்டில் ஒட்டி நிற்கும்வரை ஓரத்தை நூல் நூலாகச் சீவினார். இஞ்சில் எட்டில் ஒரு பங்கான நூல் அவருக்குப் போதாமல், அரை நூல், கால் நூல் என்று பேச ஆரம்பித்தார். பலகைகளைப் பொருத்தியதும் உள்ளே டார்ச் அடித்து, எந்த மூலையிலாவது வெளிச்சம் கசிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஃபெவிகால் பிதுங்கி வந்த இடங்களை விரலால் வழித்து, உள் மூலைகளுக்கு சிலிக்கான் பூசினார். நடுவில் ஒருமுறை மட்டும், "ஒரு ஓட்டை போட்டுடலாம் சார், காத்தோட்டம் இல்லன்னா பூஞ்சை புடிக்கும்" என்றார். ஓட்டையும் குழாயும் வைத்த பெட்டி என்று ஒரு ஜாதியே இருக்கிறது; சத்தமும் கூடுதலாக வரும். ஆனால் அது கேட்கும் இடம் இரண்டாவது அரிசி மூட்டை. உடன்படிக்கையில் அது இல்லை.

ஸ்பீக்கரை முடுக்கிவிட்டு, உள்ளங்கையால் கூம்பை மெல்ல அமுக்கச் சொன்னேன். உள்ளே அடைபட்ட காற்று அவர் கையைத் திருப்பித் தள்ளியது. முதல்முறையாகச் சிரித்தார். அந்த உற்சாகத்தில், நான் டீ வாங்கப் போன இடைவெளியில், சமையலறையில் மிச்சமான தேக்கு நிற மைக்காவைப் பெட்டி முழுக்க ஒட்டி, அதே செட் ஸ்டீல் கைப்பிடி ஒன்றையும் பொருத்திவிட்டார். "தூக்க வசதியா இருக்கும் சார்." இப்போது டிக்கியைத் திறப்பவர்கள் எல்லோரும் அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார்கள்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து டிக்கிவரை தடித்த ஒயர், பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ். ரிச்சி தெருவில் ஒயர் வாங்குகிறவர்கள் நுனியை பிளேடால் சுரண்டிப் பார்க்கவும்: உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியர் என்றால், ஒரு நல்ல பாஸ் அடி இருபதுக்கு மேல் இழுக்கிறது. அதனால் ராத்திரியில் என் காரின் ஹெட்லைட்டும் தாளம் போடும்.

40 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் எட்டரை மீட்டர். என் கார் மூன்றேகால் மீட்டர் சொச்சம். ஒரு முழு அலை காருக்குள் நிற்கவே முடியாது. ஆனால் அதுவே வசதி: அலை ஓட இடமில்லாததால் காருக்குள் இருக்கும் காற்று மொத்தமும் ஒன்றாக அமுங்கி ஒன்றாக விரிகிறது, பாஸ் தானாகவே தூக்கலாகக் கேட்கும். கார் எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஆதாயம். பார்க்கிங்கைத் தவிர்த்துச் சின்னக் காருக்கு உலகம் தந்த சலுகை இது ஒன்றுதான்.

அந்தச் சலுகை காருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதுதான் சங்கடம். வயதான காரில் முடுக்கிய நிலையிலேயே இருக்கும் திருகுகள் குறைவு. முதல் பாட்டு போட்டதும் சசிதரன் வந்தார். கூடவே நம்பர் பிளேட், ரியர் வியூ மிரர், சீட் பெல்ட் கொக்கி, டிக்கி மேல்தட்டு, ஆசாரியின் ஸ்டீல் கைப்பிடி எல்லாம் வாத்தியக் கோஷ்டியாக வந்தன. போனில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஒலியைப் போட்டுவிட்டுக் குற்றவாளிகளைத் தேடினோம். மனைவி கண்ணாடியை அழுத்திப் பிடித்தார், பையன் பின்னால் நம்பர் பிளேட்டை, வாட்ச்மேன் பானட்டை. 44இல் கைப்பிடி, 52இல் நம்பர் பிளேட். 60 தாண்டியதும் டேஷ்போர்டு பிள்ளையார் ஒவ்வொரு அடிக்கும் கால் நூல் வீதம் ஓட்டுநர் பக்கமாக நகர ஆரம்பித்தார். வாட்ச்மேன் கையை எடுத்துக் கும்பிட்டார். உடனே பானட் அதிர்ந்தது.

நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பழைய ஹவாய் செருப்பை வெட்டிச் செருகினேன். மற்றவற்றுக்கு ஃபெல்ட் டேப், கதவுத் தகரத்துக்கு பியூட்டைல் ஷீட். பிள்ளையாருக்குக் கீழே என்ன ஒட்டுவது என்பதை மட்டும் மாமியாரும் மருமகளும் கூடிப் பேசி, சந்தனத்தைக் குழைத்து வைத்தார்கள். இன்றுவரை நகரவில்லை. பியூட்டைல் ஷீட்டின் விலை தெரிந்த எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டால் எஸ்.பி.பி. காருக்குள்ளேயே நின்றுவிடுவார். தாழ்ந்த ஸ்தாயி மட்டும் தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். போன வாரம் ஜெமினி பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், பின்னாடி டொம்மு டொம்முனு அடிக்குது. சஸ்பென்ஷன் புட்டுக்கிச்சு போல. அப்டியே ஓட்டாதீங்க."

நன்றி சொன்னேன். அவர் விடவில்லை. புதுப்பேட்டையில் தெரிந்த ஆள் இருக்கிறார், செகண்ட்ஸில் நல்ல ஷாக் அப்சார்பர் எடுத்துத் தருவார் என்று, பச்சை விழுவதற்குள் போன் நம்பரும் சொன்னார். சேவ் செய்துகொண்டேன். இந்தக் காருக்கு எப்படியும் தேவைப்படும்.