முருகனை எப்படி அழிப்பது?

போனில் இடமில்லை என்று அறிவிப்பு வந்ததும் பலர் முதலில் தூக்குவது வங்கிச் செயலியை. பெரியப்பா அனுப்பிய காலை வணக்கத்தில் கை வைக்க முடியுமா? அதில் முருகன் சிரித்துக்கொண்டிருக்கிறார்; பாவம் சேரும். கூகுள் 2017 டிசம்பரில் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ செயலியில் இந்த வணக்கப் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்கத் தனி ஏற்பாடே இருந்தது. (அதை இறக்கவும் இடம் வேண்டும் என்பது வேறு விஷயம்.)

துணிந்து அழித்தாலும் படம் அசையாது. ஐபோனில் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் வாடகையில்லாமல் குடியிருக்கும். அங்கேயும் போய்க் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை இன்றே நிறுத்திவிடுங்கள். பெரியப்பாவுக்கு மட்டும் கும்பிடு பொம்மை தவறாமல் போகட்டும்.