சுழலும் துகள்களை அடக்கி ஆள்வது எப்படி?

முதலில் துகள் வேண்டும். ஹேமடைட் கனசதுரங்கள் உத்தமம். ஒன்றரை மைக்ரோமீட்டர் அகலம் போதும். துருவுக்குச் சொந்தக்காரர்கள்தான், ஆனாலும் காந்தக் குணம் உண்டு. இரும்புக் குளோரைடையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கலந்து 100 டிகிரி சூட்டில் 8 நாள் வையுங்கள். அந்த 8 நாளும் பேராசிரியர் “என்ன முன்னேற்றம்?” என்பார். “வெந்துகொண்டிருக்கிறது சார்” என்று சொல்லலாம். பொய்யில்லை.

தண்ணீரில் விட்டால் அடியில் படிந்துவிடும். நமக்கு வேண்டியதும் ஒற்றை அடுக்குதான். இனி காந்தப்புலத்தைக் கிடைமட்டமாகச் சுழற்றுங்கள். ஒவ்வொரு துகளும் தன்னைத்தானே சுற்றும். அளவுக்கு மீறி வேகம் கூட்டினால் நீரின் பிசுபிசுப்பை மீறிப் புலத்தோடு ஓட முடியாமல் அவ்வப்போது ஒரு சுற்றைத் தவறவிடும். அப்போது இன்னும் விரட்டாதீர்கள். அது மேலதிகாரிகளின் வழி. புலத்தின் வலுவைக் கூட்டுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

உங்கள் கையில் இருப்பது சுழற்சி மட்டுமே. யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்பதை அவை தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும். கிடைமட்டப் புலத்தில் அவை ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிக்கொள்ளும். சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2019-ல் காட்டியபடி, அந்தக் கூட்டம் திரவம்போலவே நடக்கும்: இரண்டு சொட்டு சேர்ந்து ஒன்றாகும், தடை வந்தால் சுற்றிப் போகும். உள்ளே அடுத்தடுத்த துகள்களின் ஓட்டம் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். விளிம்பில் நிற்பவற்றை அடக்க வெளிப்பக்கம் ஆளில்லை. ஆகவே விளிம்பு மட்டும் ஓயாமல் ஓடும்.

ஈர்ப்பைக் குறைக்க வேண்டுமா? செங்குத்தாகக் கொஞ்சம் நிலையான புலம் சேருங்கள். சுழல் அச்சிலிருந்து புலம் 54.7 டிகிரி சாயும்போது காந்த ஈர்ப்பு சராசரியில் சுழியமாகிவிடும். புலத்தை அச்சுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனால், பக்கத்தில் நிற்பவை விலகி ஓடும். மொத்தக் கலையில் நம்பத்தகுந்த திருகு இது ஒன்றுதான்.

துகள்கள் நெருங்கி வரிசையாக அடுக்கி நின்றால் அது படிகம். ஆனால் குற்றமில்லாத படிகம் வேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். வரிசை பிசகிய இடங்கள் யாரும் தள்ளாமலே நகர்ந்து, படிகத்தைப் பிசைந்து, சுழலும் துண்டுகளாக்கிவிடும். இது 2022-ல் நிரூபணமாயிற்று. அதே ஆண்டில்தான் நட்சத்திர மீன் கருக்கள் நீர்ப்பரப்பில் தாமே சுழன்று படிகமாக அடுக்கிக்கொள்வதையும் பார்த்தார்கள். அவற்றுக்குக் காந்தமும் தேவைப்படவில்லை, பேராசிரியரும் தேவைப்படவில்லை; வளர்ந்ததும் தாமாகவே கலைந்தன.

எது நடந்தாலும் கட்டுரையில் “அமைப்பைக் கட்டுப்படுத்தினோம்” என்றே எழுதுங்கள். துகள்கள் மறுப்புக் கடிதம் அனுப்புவதில்லை.