சிறுநீரகத்துக்குக் கப்பல் அட்டவணை தெரியாது

அந்தமானில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாநில அரசு என்ன செய்கிறது? சுலபமான கேள்வி. அங்கே மாநில அரசே இல்லை. சட்டமன்றமும் கிடையாது. ஒரு துணைநிலை ஆளுநர், ஒரே ஒரு மக்களவை உறுப்பினர், மீதியெல்லாம் டெல்லி.

டெல்லி சும்மா இருக்கவில்லை. 2016 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சம் என்று செலவையும் கணக்குப் போட்டார். மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசம். நல்ல திட்டம்தான், மாவட்டத்துக்கு நடுவே கடல் இல்லாத ஊர்களில்.

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து தலைநகர் போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவும் கடலுக்கு மனமிருந்தால். ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது பூர்வஜென்மப் புண்ணியம். டயாலிசிஸோ வழக்கமாக வாரம் மூன்று முறை, தலா நான்கு மணி நேரம். ஊருக்குத் திரும்பும் நோயாளி, கப்பலைவிட்டு இறங்காமலே அடுத்த முறைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதற்குப் போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்ப்பது மேல். இயந்திரம் இலவசம், வீட்டுக்காரர் இலவசமில்லை.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்று 2019இல் வழிகாட்டுதல் வந்தது. அருமை. தினம் ஏழெட்டு லிட்டர் திரவம் வேண்டும். அதுவும் கப்பலில்தான் வர வேண்டும்.

இதற்கிடையே 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமாகிவிட்டது. தூரம் மட்டும் குறையவில்லை. கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட திட்டத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் சர்வதேச விமான நிலையமும் வரப்போகின்றனவாம். உலகத்துப் பெட்டகங்கள் எல்லாம் இறங்கும்போது, ஓரமாக ஒன்றில் டயாலிசிஸ் திரவம் வந்தால் போட்டித் துறைமுகமான சிங்கப்பூர் கோபித்துக்கொள்ளாது.