டொக், டொக்

அரக்குப் பாலிஷ் போட்ட மேசையில் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளையாக ஒரு வட்டம் விழும். அது விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு, விழுந்துவிட்டால் போக்கவும் ஒரு வழி உண்டு. இரண்டையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நேற்று அரியலூரில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். கொட்டாவிட்டால் இன்றைக்கு உளியைத் தொடக்கூடாது, விரல் போய்விடும்.

மேசை சின்னதுதான். 2 அடி நீளம், 18 அங்குல அகலம், 22 அங்குல உயரம். தேக்கு. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு காப்பியும் பேப்பரும் வைத்துக்கொள்ள என்று ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கேட்டிருந்தார். கூடத்தில் இறக்கி, சுற்றியிருந்த பழைய வேட்டியை அவிழ்த்தேன். அவர் எழுந்து வந்தார். கல் வைத்த மோதிரம் போட்டிருந்த விரலை மடக்கினார். டொக், டொக். கொஞ்சம் தள்ளி இன்னொரு டொக். பிறகு தலையை ஆட்டினார்.

எல்லாரும் ஆட்டுகிற அதே ஆட்டல். தேக்காக இருந்தாலும் அதே, பிளைவுட்டாக இருந்தாலும் அதே. தட்டியவர்களில் ஒருவராவது, "தம்பி, இது சரியில்லையே, சத்தம் ஒரு மாதிரி இருக்கே" என்று சொன்னதில்லை. என் பட்டறையில் சாயம் பூசின வாகைப் பலகை ஒன்று சுவரோரம் சாய்ந்து கிடக்கும். வருகிறவர்கள் தாமாகவே போய் அதைத் தட்டிவிட்டு, "என்ன இருந்தாலும் தேக்கு தேக்குதான்" என்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பெரிய மனிதர்களின் காதைக் குறை சொல்ல நாம் யார்?

தட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. தேங்காயைத் தட்டலாம். தர்ப்பூசணியைத் தட்டலாம். பானையைத் தட்டாமல் வாங்கினால் வீட்டில் ஏச்சு விழும். கேஸ் சிலிண்டரைத் தட்டலாம், ஆணி அடிக்குமுன் சுவரைத் தட்டலாம். வியன்னாவில் ஆவன்புருகர் என்று ஒரு டாக்டர் இருந்தார், விடுதிக்காரர் மகன். பீப்பாயில் சாராயம் எவ்வளவு மிச்சம் என்று அப்பா தட்டிப் பார்ப்பதைச் சின்ன வயதில் கண்டிருந்ததால்தான் நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் யோசனை அவருக்கு வந்தது என்பார்கள். 1761-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். இன்றைக்கும் டாக்டர்கள் நம் முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுகிறார்கள்.

ஆனால் இவற்றிலெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, அல்லது இருக்க வேண்டியது இல்லை. தண்ணீர், சாராயம், சளி, கேஸ். முக்கால் அங்குலப் பலகைக்குள் என்ன இருக்கும்? பலகைதான் இருக்கும். செல் அரித்திருந்தால் குனிந்து பார்த்தாலே தெரியும், காது தேவையில்லை. ஒரே பலகை தரையில் கிடந்தால் ஒரு சத்தம், இரண்டு முக்காலி மேல் கிடந்தால் இன்னொரு சத்தம், சட்டத்தில் முறுக்கினபின் வேறொரு சத்தம். நடுவில் தட்டினால் ஒன்று, ஓரத்தில் தட்டினால் ஒன்று. ஓரமாகத் தட்டிப் பார்த்தவர்கள் அதனால்தான் நடுவிலும் ஒரு தடவை தட்டுகிறார்கள். வித்தியாசம் கேட்டதும் மரத்தின் ஜாதகமே கைக்கு வந்துவிட்டதாக ஒரு திருப்தி. மரவாடிக்குப் போனால் நானும் தட்டுகிறேன் என்பது வேறு விஷயம். தட்டாமல் நின்றால் அங்கே நம்மைப் புது ஆள் என்று நினைத்து, வெள்ளை ஏறின கட்டையைத் தலையில் கட்டிவிடுவார்கள். நான் தட்டுவது தொழில் மரியாதைக்காக.

"நல்லா காஞ்ச மரந்தானே?" என்பது அடுத்தது. நன்றாகக் காய்ந்த மரம்தான் வேண்டுமென்றால் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலேயே சாத்தனூரில் ஒன்று இருக்கிறது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி வருஷமாகக் காய்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் கண்டுபிடித்துச் சொன்னார். காய்ந்து காய்ந்து கல்லாகவே ஆகிவிட்டது. சுருங்காது, விரியாது, செல் ஏறாது, ஆயுசுக்கும் கேரண்டி. தட்டினால் சத்தமும் கணீரென்றுதான் இருக்கும். இழைப்புளி போடத்தான் முடியாது. சுற்றி வேலி வேறு போட்டிருக்கிறார்கள். நம் ஜனங்களைத் தெரிந்த யாரோ போட்டிருக்க வேண்டும்.

அரும்பாவூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பச்சைமலை அடிவாரத்தில் உட்கார்ந்து, ஒரே கட்டையில் சாமி செதுக்குகிறார்கள். வாகை, மா, வேம்பு என்று எது தோதோ அது. 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே செதுக்கின பிள்ளையாரை யாராவது தட்டிப் பார்க்கிறார்களா? அவர் முன்னால் போனதும் கை தானாகத் திரும்பி நம் தலையில்தான் குட்டிக்கொள்கிறது. மேசைக்குத் தும்பிக்கை வைத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். கூலி கூடும், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது, அரியலூரில் உண்டு. எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேசையை பஸ்ஸில்தான் ஏற்றினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியின் மேலாகவே ஒரு தட்டுத் தட்டினார். "தேக்கா?" என்றார். பின் சீட்டுப் பெரியம்மா, "எங்க வீட்டு நிலை மாதிரி வராது" என்றார். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. இழைத்து, உப்புத்தாளில் 80, 120, 220 என்று படிப்படியாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப்பொதியில் தொட்டுத் தொட்டு ஏற்றின பளபளப்பு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முழங்காலில் இடித்தது. என் பேண்ட் தேய்ந்தால் பரவாயில்லை என்று அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அரக்கு கைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பச்சைப் பாலிஷில்தான் மோதிரக் கல் இறங்கியது. நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தால் நகக்குறி மாதிரி அரைவட்டமாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் மயிரிழைக் கீறல் இரண்டு. "ஐயா, மோதிரம்..." என்றேன். "நவரத்தினம் தம்பி, இருபது வருஷமா போட்டிருக்கேன்" என்றார்.

மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. வேலை அங்கேதான் இருக்கிறது. மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். மேல்பலகையை இறுக்கி ஆணி அடித்துவிட்டால் ஒரு கோடைக்குள் நடுவில் வெடிக்கும். அதனால் திருகாணி உட்காரும் துளையை வட்டமாகப் போடாமல் ஒரு நூல் நீட்டிப் போட்டிருக்கிறேன், பலகை நகர்ந்துகொள்ளட்டும் என்று. கால்களில் ஆணியே இல்லை. துளை அடித்து, சட்டத்தின் முனையை நாக்காக இறக்கி, குறுக்கே மூங்கில் முளை அடித்திருக்கிறேன். அதை யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். முதுகு வலிக்கும். தட்டுவதற்கு விரல் போதும்.

பிறகு அவர் மருமகள் போனைக் கொண்டுவந்து ஆன்லைனில் இதே அளவு மேசை ஒன்றைக் காட்டினார். அழுத்தின மரத்தூள், மேலே தேக்கு ரேகை அச்சடித்த காகிதம். என் கூலியில் பாதிகூட இல்லை. "இதைத் தட்டிப் பார்க்க முடியாதேம்மா" என்றேன். அதை அவர்கள் நல்ல பதிலாக எடுத்துக்கொண்டு, பேசின பணத்தில் ஐந்நூறு மட்டும் குறைத்துக் கொடுத்தார்கள்.

நான் செருப்பைப் போடுவதற்குள் உள்ளேயிருந்து ரோஜாப்பூ போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வந்தது. நான்கு பக்கமும் தொங்கவிட்டு, ஓரத்தில் கிளிப்பும் மாட்டினார்கள். பாலிஷ் கெடக்கூடாதாம்.

"தம்பி, பலகை மிச்சம் இருக்குமே, அதுல எனக்கு ஒரு மணை அடிச்சுக் குடுத்திருப்பா" என்றார் பெரியவர். மிச்சம். மரவேலை கொடுக்கிற ஒவ்வொருவர் மனத்திலும், தன் பலகை பாதி என் வீட்டுப் பரண்மேல் கிடப்பதாக ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது நாலு விரற்கடைத் துண்டுகளும் ஒரு சாக்கு இழைப்புச் சுருளும்தான். சுருளை டீக்கடைக்காரர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார். மணைக்குப் புது மரம்தான் வாங்கணும், முழுப் பணமும் முன்னாலேயே வேணும், நவரத்தின மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் பட்டறைக்குள் விடுவேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் சொன்னதை பஸ் ஏறினபின் சொன்னேன்.