சொறி புராணம்

அன்பின் அண்ணாவுக்கு,

ரொறன்ரோவில் பனிக்கு அடுத்தபடியாகக் கொட்டுவது ‘சொறி’தான். ஊரில் அது தோல் வியாதி. இங்கே மன்னிப்புக் கேட்கும் நல்ல பழக்கம். கனடாக்காரர் முதல் எழுத்தை நீட்டி ‘சோறி’ என்கிறார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்கர் வாயில் அது ‘சாறி’ ஆகிறது. ஒருவர் பசியோடு நிற்கிறார், மற்றவர் புடவைக்கடையில் நிற்கிறார்!

சப்வேயில் காலை மிதித்தவர் சொறி சொல்வார், சரி. மிதிபட்டவரும் சொல்வார். இது இங்கிலாந்திலிருந்து வந்த சீதனமாயிருக்கும். அங்கே கேற் ஃபொக்ஸ் என்ற மானுடவியலாளர், 2004இல் வெளிவந்த தன் நூலுக்காக வேண்டுமென்றே ஆட்களை இடித்துப் பார்த்தார். இடிபட்ட ஆங்கிலேயரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் அவரிடமே மன்னிப்புக் கேட்டார்களாம்.

சொன்னது காதில் விழாவிட்டால் ‘சொறி?’. வழிவிடச் சொல்லவும் சொறி. கடைக்காரர் கோப்பியை மாற்றித் தந்தாலும், வாங்கியவர்தான் சொறி சொல்லிவிட்டுப் பிழையைக் காட்டுவார். செத்தவீட்டிலும் அதே சொல்தான். மனிதர் போதாதென்று, ஆள் ஏற்றாமல் போகும் பஸ்ஸின் நெற்றியிலும் ‘சொறி, சேவையில் இல்லை’ என்று எழுத்து ஒளிர்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் நிற்பவருக்கு அந்த மரியாதை எவ்வளவு சூடு தரும் என்பது வேறு கதை.

இவ்வளவு தாராளமாகச் சொன்னால் வழக்கில் மாட்டமாட்டார்களா? அதற்கும் சட்டம் இருக்கிறது. 2006இல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2009இல் ஒன்ராறியோவும் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தன. வைத்தியரோ வாகனமோட்டியோ சொறி சொன்னால், சிவில் வழக்கில் அதைக் குற்ற ஒப்புதலாகக் காட்ட முடியாது. வாய் தவறி வந்துவிடும் என்று தெரிந்தே காப்பு எடுத்திருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் வாயில் மட்டும் அது சுலபமாக வராது. 1914இல் 376 பேரோடு வன்கூவருக்கு வந்த கோமகாட்டா மாரு கப்பலில், பெரும்பாலும் சீக்கியர். ஒருசிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். அப்போதைய பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2016இல். கால் மிதிபட்டால் அரை விநாடி, கப்பலைத் திருப்பினால் நாடாளுமன்றத்துக்கு 102 வருடம்.

அம்மா கோடையில் வரும்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள். ஆராவது இடித்துவிட்டுச் சொறி சொன்னால், “கண் தெரியேல்லையோ?” என்று கேட்கவேண்டாம். அதற்கும் அவர்கள் சொறி சொல்வார்கள். பிறகு வரிசை நகராது.

அன்புடன்,
தம்பி